நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் நின்ற படம்

போன வருடம், தொண்ணூற்றெட்டில், ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவில் நடந்தது இது. இடம், மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் வீடியோ சி.டி. வாடகைக் கடை. அங்கே நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பட்டினப்பாக்கத்தில். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா சாலையோரத்தில் மீன் விற்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். பிளஸ் டூவில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்று எண்பத்தாறு வாங்கினேன். வாய்ப்புக் கிடைக்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம், இங்கேயும் சொல்லியாகிவிட்டது. அஞ்சல் வழியில் பி.காம். படித்துக்கொண்டே இந்த வேலைக்கு வந்திருந்தேன். "இங்கிலீஷ்ல எழுதினதைப் படிச்சு ரிஜிஸ்டர்ல ஏத்தத் தெரிஞ்ச பொண்ணு வேணும்" என்று முதலாளி யாரிடமோ சொல்ல, அது சுற்றி வளைத்து என்னிடம் வந்து சேர்ந்தது.

முதலாளிக்கு ஐம்பது வயதிருக்கும். பத்து வருடமாக வீடியோ கேசட் வாடகைக்கு விட்டவர். அந்த வருடம்தான் துணிந்து சி.டி.க்கு மாறியிருந்தார். ஒரு படம் இரண்டு சி.டி.யில் வரும், நீளமான படமென்றால் மூன்று. பலருடைய வீட்டில் பிளேயர் இல்லை. அதையும் எங்களிடமே ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் போவார்கள். பெட்டியைத் திறந்து வெள்ளித் தட்டு மாதிரி மின்னுகிற சி.டி.யை எடுக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். எங்கள் தெருவில் அதைக் கையில் பிடித்தவர்கள் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், தியாகராய நகர் பனகல் பூங்கா பக்கமிருந்த ஒரு விநியோகக் கம்பெனியிலிருந்து பெரிய அட்டைப்பெட்டி நிறையப் புதுப் படங்கள் வந்தன. தீபாவளிக்காக வரவழைத்தவை. மறுநாள் பூஜை. கடையைக் கழுவித் துடைத்தோம். ஷட்டர், டிவி, பிளேயர், ரிஜிஸ்டர் நோட்டு, டேபிள் ஃபேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். முதலாளி கற்பூரத்தட்டோடு நின்றுகொண்டு, "புதுச் சரக்குக்கும் வை, மறக்காத" என்றார்.

அவர் சொன்னது அட்டைப்பெட்டிக்கு. நான் புரிந்துகொண்டது வேறு. எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று வலைக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு நிறுத்த மாட்டோம். துடுப்புக்கு, தராசுக்கு, அரிவாள்மணைக்கு, அம்மாவின் கூடைக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைப்போம். எதை வைத்துப் பிழைக்கிறோமோ அதைத் தொட்டு வைக்க வேண்டும். அதே பக்தியோடு நான் உட்கார்ந்து, ஒவ்வொரு உறையாகப் பிரித்து, ஒவ்வொரு சி.டி.யின் மேல்பக்கத்திலும் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டும் அதன் மேல் குங்குமமும் வைத்தேன். வைத்து முடித்து வரிசையாகப் பார்த்தபோது கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் கடை திறந்ததும் ஈரத்துணியால் எல்லாவற்றையும் மெதுவாகத் துடைத்தேன். ஒன்றிரண்டில் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அப்போது மனதில் எதுவும் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்துப் புகார்கள் ஆரம்பித்தன. முதலில் வந்தது வடக்கு மாட வீதி மாமி ஒருவர். எங்கள் கடையின் முதல் சி.டி. வாடிக்கையாளர் அவர்தான். சி.டி. உறையை மேஜையில் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"நேத்தி ஆத்துல பதினஞ்சு பேர் உக்காந்துண்டு பாத்துண்டிருந்தோம். நன்னாத்தான் போயிண்டிருந்தது. திடீர்னு ஹீரோ மூஞ்சி கட்டம் கட்டமா ஆயி அப்படியே நின்னுடுத்து. என் மாப்பிள்ளை கேக்கறார், மாமி, இது படமா, கட்டம் போட்ட பாய் விரிச்சிருக்கேளான்னு."

அன்று சாயங்காலமே மந்தைவெளி ஸ்டாண்ட் ஆட்டோக்காரர் ஒருவர் வந்தார். வாரத்துக்கு இரண்டு சண்டைப் படம் பார்க்காவிட்டால் அவருக்கு வண்டி ஓடாது.

"இன்னாம்மா இது. வில்லன் கத்தியத் தூக்கினான். தூக்கினவன் தூக்கினவன்தான். குத்தவும் மாட்றான், எறக்கவும் மாட்றான். எவ்ளோ நேரம் நானும் பாத்துக்கினே குந்திக்கினு இருக்கறது?"

அதற்குப் பிறகு தினமும் ஐந்தாறு பேர். எல்லாம் அந்தப் புதுப் பெட்டியில் வந்த சி.டி.க்கள். புகார் சொல்கிறவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன்: பிளேயரில் எத்தனையாவது நிமிடம் காட்டியபோது நின்றது? பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொன்னதை ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். படத்தின் பெயர், எத்தனையாவது சி.டி., எந்த நிமிடம். "இதையெல்லாம் எழுதி என்ன பண்ணப் போற, பரீட்சையா?" என்று முதலாளி கேட்டார். எதையும் எழுதி வைத்தால்தான் எனக்குத் திருப்தி.

ஒரு நாள் முதலாளி, திரும்பி வந்த சி.டி. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் அச்சடித்திருந்த எழுத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தார்.

"இது என்னம்மா, சந்தன வாசனை வருது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கம்பெனி ஆளின் பேஜருக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் அந்த ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முப்பது வயது, கழுத்தில் டை. கறை படிந்த சி.டி.யை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சார், சி.டி.ன்றது ஆப்பரேஷன் தியேட்டர் மாதிரி. நீங்க என்னடான்னா சாமிக்குப் பூசற மாதிரி சந்தனம் பூசி அனுப்பியிருக்கீங்க. எங்க சரக்குல எந்தக் குறையும் இல்ல. இதுக்கெல்லாம் மாத்தித் தர முடியாது."

பிறகு என்னைப் பார்த்து, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். பட்டினப்பாக்கம் என்றேன். அம்மா என்ன செய்கிறார் என்றார். மீன் விற்கிறார் என்றேன். அவர் முதலாளியிடம் திரும்பி, "அப்புறம் என்ன சார், சந்தனம் மட்டும் இல்ல, மீன் பிசுக்கும் சேந்திருக்கும். அந்தக் கைல போய் இதைக் குடுத்தா வேற எப்படி ஆகும்?" என்றார்.

முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் போன பிறகு கறை படிந்த சி.டி.யை உறைக்குள் போட்டு வைத்தார். கடைசியில், "தீபாவளி வரைக்கும் வாம்மா. அப்புறம் என்ன பண்றதுன்னு பார்க்கலாம்" என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் படித்த பெண் என்று நம்பிக் கூப்பிட்டு, மீன்காரி மகள் கெடுத்துவிட்டாள் என்று அனுப்பினால், அந்தப் பேச்சு எனக்கு முன்னால் ஊரெல்லாம் போகும். எங்கள் பகுதியிலிருந்து அடுத்து வேலை கேட்டு வருகிற பெண்ணுக்கும் அதுதான் பதிலாக இருக்கும்.

சாயங்காலம் அம்மாவின் கடைக்குப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மா வவ்வால் மீனை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வாங்க நின்றிருந்த இரண்டு பெண்களும் மீனை மறந்து என்னைப் பார்த்தார்கள்.

"எவன் அவன்? இட்டுக்கினு வா அவன இங்க. என் கையையும் மோந்து பாக்கட்டும், அவன் கையையும் மோந்து பாக்கட்டும். எது நாறுதுன்னு இந்த ரோட்டுல போறவங்க சொல்லட்டும்."

"சும்மா இரும்மா. தப்பு என்னுதுதான்."

"பொட்டு வெச்சது தப்பா? நா நாளைக்கே வரேன் உங்க கடைக்கு."

"நீ வந்தின்னா நான் வேலையே வேணாம்னு எழுதிக் குடுத்துடுவேன்."

அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மறுபடி கத்தியை எடுத்தார். வாங்க வந்த பெண்களில் ஒருவர், "ஏம்மா, சந்தனம் பட்டா அவ்ளோ சீக்கிரம் கெட்டுப்போற பொருளா அது?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

மறுநாள் மதியம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அப்போதுதான் கவனித்தேன். கீழே எழுதியிருந்த ஐந்து புகார்கள், பூஜை முடிந்து ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாவது பெட்டியின் சி.டி.க்கள். அவற்றுக்கு நான் பொட்டு வைக்கவே இல்லை. சந்தனத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத சி.டி. ஏன் நிற்க வேண்டும்?

அந்த ஐந்தையும் எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை, கறை இல்லை. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கடைக்குள் இருட்டு. ஒரு சி.டி.யை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மதிய வெயில் நேராக விழுந்தது. ஒரு கையில் சி.டி., இன்னொரு கையில் நோட்டு. சி.டி.யின் நிழல் நோட்டுத் தாளில் விழுந்தது. அந்த வட்ட நிழலுக்குள் இரண்டு இடத்தில் கடுகளவு வெளிச்சம்.

முதலில் தாளில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டேன். போகவில்லை. சி.டி.யை அசைத்தால் அதுவும் அசைந்தது. சி.டி.யை முகத்துக்கு நேராகத் தூக்கி வெயிலைப் பார்த்தேன். பெயர் அச்சடிக்காத வெள்ளிப் பகுதியில் இரண்டு ஓட்டைகள். பிளாஸ்டிக்கில் ஓட்டை இல்லை, விரலால் தடவினால் வழவழவென்றுதான் இருந்தது. உள்ளே பூசியிருக்கும் வெள்ளிப் பூச்சில்தான் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தொழிற்சாலையில் பூசும்போதே விட்டுப்போயிருக்கிறது.

உள்ளே ஓடி, திரும்பி வந்த சி.டி.க்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக வெயிலில் பிடித்தேன். நாற்பத்து நான்கு சி.டி., எல்லாவற்றிலும் ஓட்டை. பிறகு, புகாரே வராத பழைய சி.டி.க்களை எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் தூசி மாதிரி மிகச் சின்னப் புள்ளிகள் இருந்தன, அவ்வளவு சின்னதை மெஷின் தாண்டிப் போய்விடும் போலிருக்கிறது. கடுகளவு ஓட்டை ஒன்றிலும் இல்லை. சந்தில் போனவர்கள், இந்தப் பெண் ஏன் சூரியனுக்குத் தட்டு காட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதை அப்படியே முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டை கட்டிய ஆள் என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஓட்டை இருந்தால் என்ன, அதனால்தான் நின்றது என்று எப்படிச் சொல்கிறாய் என்பார். அதற்கும் பதில் வேண்டும்.

என் நோட்டில் நிமிடம் இருந்தது. சி.டி.யில் ஓட்டை இருந்தது. சி.டி. உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று பிளேயரோடு வந்த புத்தகத்தில் படித்திருந்தேன். அப்படியானால் ஓட்டை நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால், எந்த நிமிடத்தில் நிற்கும் என்று சொல்ல முடிய வேண்டும். ஒரு காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி, சம இடைவெளியில் நிமிடங்களைக் குறித்தேன். வைத்துப் பார்த்தால் எதுவும் ஒத்துவரவில்லை. பத்து நிமிடம்வரை தள்ளிப் போனது.

இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது நாள் காலையில் தெப்பக்குளத்தைத் தாண்டி நடந்து வரும்போது பொறி தட்டியது. வெளிவட்டம் பெரியது, உள்வட்டம் சின்னது. வெளியே ஒரு சுற்றில் அதிகப் படம் அடங்கும். தூரத்தை அளந்தால் வராது, பரப்பளவை எடுத்தால்தான் வரும். வட்டத்தின் பரப்பளவு. பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை போட்ட கணக்கு. அதை இப்படி ஒரு நாள் கேட்பார்கள் என்று யார் நினைத்தார்கள்? கடைக்கு வந்ததும் புது அட்டை வெட்டிக் கணக்குப் போட்டுக் குறித்தேன். கோடுகள் வெளியே போகப் போக நெருங்கி நின்றன. நோட்டில் இருந்த சி.டி. ஒவ்வொன்றாக அளந்தேன். ஒரு நிமிடம் முன்னே பின்னே, அவ்வளவுதான். எல்லாம் ஒத்துவந்தது.

ஆனால் மூன்று சி.டி.க்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் ஓட்டை வட்டமாக இல்லை, பிறை மாதிரி வளைந்து இருந்தது. பக்கத்தில் என் ஆள்காட்டி விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. காய்ந்த சந்தனத்தைச் சுரண்டியபோது, மேல்பக்கத்து மெல்லிய படலத்துக்கு அடியிலேயே இருக்கும் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து வந்திருக்கிறது. இவை மூன்றும் என் கைவேலை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்றையும் மற்ற நாற்பத்தொன்றோடு சேர்த்துக் கலந்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. யாருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு தனி உறையில் போட்டு, மேலே என் பெயரை எழுதி வைத்தேன்.

முதலாளியிடம் ஒன்றுதான் கேட்டேன். "சார், கம்பெனி ஆள் அடுத்த பெட்டி கொண்டுவரும்போது நீங்க பிரிக்காதீங்க. அவரையே பிரிக்கச் சொல்லுங்க." எதற்கு என்றார். "நான் தொடாத சி.டி.யை வெச்சுப் பேசணும்" என்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, சரி என்றார்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தபோது அந்த ஆள் வந்தார். கடையில் நல்ல கூட்டம். மாமி பிளேயர் எடுக்க வந்திருந்தார். ஆட்டோக்காரர், கத்தியைத் தூக்கிய வில்லன் கதி என்னவென்று கேட்க வந்திருந்தார். கம்பெனி ஆள் பெட்டியை மேஜையில் வைத்தார். டேப் பிரிக்கப்படவில்லை.

நான் சொன்னேன். "சார், நீங்களே பிரிச்சு எடுங்க. எதை வேணா எடுங்க. நான் தொட மாட்டேன். ட்யூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிங்க, போதும்."

"என்ன, ஜோசியமா?" என்றார்.

"காட்டுங்களேன் சார், காசா பணமா" என்றார் ஆட்டோக்காரர்.

கம்பெனி ஆள் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிரித்துத் தூக்கினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அட்டையை சி.டி.யில் படாமல் நேராக நீட்டி அளந்தேன்.

"இது நாற்பத்து மூணாவது நிமிஷத்துல நிக்கும்."

கூட்டம் டிவிப் பக்கம் நகர்ந்தது. கம்பெனி ஆளே அதைப் பிளேயரில் போட்டார். முழுதும் பார்க்க நேரமில்லை என்று நாற்பதுக்குத் தள்ளினார். ஒரு பாட்டு ஓடியது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. பாட்டு அழகாக ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பத்து மூன்று வந்தது. அப்போதும் ஓடியது. கம்பெனி ஆள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் அட்டையில் அந்தக் கோட்டை மறுபடி பார்த்தேன். பத்து விநாடி. இருபது விநாடி. அதன் பிறகு கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பாட்டு விக்கியது. படம் அப்படியே நின்றது. பிளேயரில் நாற்பத்து மூன்று என்ற எண் அசையாமல் இருந்தது.

"யம்மாடி" என்றார் ஆட்டோக்காரர். "சொல்லி அடிச்சிருக்கு பாரு."

கம்பெனி ஆள், "இது ஏதோ தற்செயல்" என்றார். உடனே மாமி முன்னால் வந்தார். "இருங்கோ. நான் ஒண்ணு எடுக்கறேன். எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒரு உறவும் இல்லை" என்று பெட்டிக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். நன்றாகப் பார்த்தேன்.

"இது நல்ல சி.டி. மாமி. எங்கயும் நிக்காது. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

மாமி விடுவாரா. போட்டுத்தான் காட்ட வேண்டும் என்றார். பத்து, இருபது, நாற்பது, ஐம்பது என்று தள்ளித் தள்ளிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாவதாக ஆட்டோக்காரர் எடுத்தார். அது பதினேழில் நிற்கும் என்றேன். பதினாறு முடிந்து பதினேழுக்கு மாறிய கையோடு நின்றது. யாரோ கை தட்டினார்கள். சந்தில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கம்பெனி ஆள் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கோடெல்லாம் ஏன் ஒரே மாதிரி இல்ல?" என்று கேட்டார். பரப்பளவுக் கணக்கைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியவில்லை. பிறகு கெட்டுப்போன சி.டி.க்களின் நடுவில், விரல் நுழையும் துளையைச் சுற்றிப் பொறித்திருந்த சின்ன எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாவற்றிலும் ஒரே எண்கள். ஒரே நாளில், ஒரே மெஷினில் அடித்தவை என்று அவரே சொன்னார். போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினார். எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அவர் ரிஜிஸ்டரில் இருந்த புகார்க் கணக்கைப் பார்த்து நாற்பத்து நான்கு என்று எழுதப் போனபோது நான் நிறுத்தினேன். தனி உறையை எடுத்து முன்னால் வைத்தேன்.

"நாற்பத்தொண்ணுதான் சார் உங்களுது. இந்த மூணு நான் நகத்தால சுரண்டிக் கெடுத்தது. இதை மாத்தித் தர வேண்டாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். "நான் போன தடவை ஏதோ பேசிட்டேன்" என்றார்.

"எங்கம்மாவைப் பத்திப் பேசினீங்க சார்."

அவர் கொஞ்சம் தயங்கி, "தப்புதான்" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்கு அது போதும்.

முதலாளி அதுவரை கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் பெரிதாக எதுவும் பேசுகிறவர் இல்லை. "தீபாவளிக்கு அப்புறம் பார்க்கலாம்னு சொன்னேன் இல்ல, அதை மறந்துடு" என்றார். பிறகு, கூட்டத்தைப் பார்த்து, "எந்தப் படம் எடுக்கலாம்னு என்னைக் கேக்காதீங்க, அந்தப் பொண்ணைக் கேளுங்க. லைட்ல பாத்துக் குடுக்கும்" என்றார். உடனே ஏழெட்டுக் கைகள் சி.டி.யோடு என் பக்கம் நீண்டன.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு புதுச் சரக்கு வந்தது. வந்த ஒவ்வொன்றையும் விளக்கில் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டேன். அந்தப் பண்டிகைக்கு எங்கள் கடையிலிருந்து போன ஒரு படம்கூட நிற்கவில்லை. தியாகராய நகரிலும் அடையாறிலும் வேறு கடைகளுக்கும் அதே சரக்கு போயிருந்ததாம். அங்கேயெல்லாம் வாடிக்கையாளர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்களாம். கம்பெனி ஆள் என் அட்டையைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று செய்துதரக் கேட்டார். செய்து கொடுத்தேன், கீழே என் கையெழுத்தைப் போட்டு.

பொங்கலுக்குப் பிறகு அந்தக் கம்பெனியே என்னைக் கூப்பிட்டது. கடைகளுக்கு அனுப்பும் முன் சரக்கைப் பரிசோதிக்க ஆள் வேண்டுமாம். இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில் பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தியாகராய நகர் போகிறேன். மேஜை மேல் எனக்கென்று ஒரு விளக்கு. நான் சரி என்று முத்திரை வைக்காமல் ஒரு பெட்டியும் அந்த வாசலைத் தாண்டுவதில்லை. மற்ற நாட்களில் பழைய கடை, பழைய முதலாளி. மேலே சொன்ன கம்பெனி ஆள் அம்மாவிடம் மீன் வாங்க வந்தாரா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான், நேரில் நாலு வார்த்தை கேட்க முடியவில்லையே என்று.

யோசித்துப் பார்த்தால், படம் நாற்பத்து மூன்றில் நின்றபோது வந்த சந்தோஷத்தைவிட, அந்த மூன்று சி.டி.யைத் தனியே எடுத்து வைத்தபோது வந்த தைரியம்தான் பெரிதாகத் தெரிகிறது. இன்றைக்கு யார் என்னிடம் என்ன குறை சொன்னாலும் நான் தலை குனிவதில்லை, சண்டைக்கும் போவதில்லை. எது என் தவறு, எது என் தவறில்லை என்று அளந்து பார்த்துவிட்டு, என்னுடையதை நானே முதலில் சொல்லிவிட்டு, மீதியைக் குறை சொன்னவர் முன்னாலேயே வைத்துவிடுகிறேன்.